கரை சேரும் வரை பல்வலி

வடசென்னையில் கடுமையான பல்வலி கண்டவருக்கு மருத்துவர் கிடைக்காமல் போவது பெரும்பாலும் தொலைவினால் அன்று, நேரத்தினால்தான். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, 1953-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் உள்ளன. இராயபுரத்தை ஒட்டி ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆயினும், காசிமேட்டுத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டுப் பல நாள் கடலிலேயே தங்கித் தொழில் செய்யும் விசைப்படகுத் தொழிலாளிக்கும், துறைமுக வாயிலை நோக்கி எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநருக்கும், மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளில் இரவுப் பணி பார்ப்பவருக்கும், கையெட்டும் தொலைவில் உள்ள அந்த மருத்துவமனைகள் வேண்டிய வேளையில் எட்டாமலே போய்விடுகின்றன.

இந்நிலை ஒருமுறை பகுதி முழுவதையுமே பற்றிக்கொண்டது. 2020-ஆம் ஆண்டுக் கொரோனா பொதுமுடக்கத்தின்போது மாநகராட்சி மண்டலங்களுள் தொற்று மிகுந்தவற்றில் ஒன்றாக இராயபுரம் இருந்தது. அவ்வாண்டு மே 19 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பல் மருத்துவமனைகள் மூடியே இருக்க வேண்டும் என்றும், அங்குள்ளோருக்குத் தொலைபேசி வழியே ஆலோசனை கூறலாம் என்றும் அறிவுறுத்தியது. பல் சிகிச்சையில் எச்சில் துளிகள் காற்றில் பரவும் என்பதால் அம்முடிவு தேவையானதாக இருந்தது. ஆனால் வலிக்கும் பல்லோடு வீட்டில் அடைபட்டவர் செய்யத்தக்கது என்ன, செய்யத்தகாதது என்ன என்பது அன்றும் தெளிவாகச் சொல்லப்படவில்லை, இன்றும் பலருக்குத் தெரியவில்லை.

வலியைத் தணிக்க முயல்வோர் அது எழும் இடத்தை முதலில் அறிய வேண்டும். பல்லின் வெளிப்புறம் எனாமல் என்னும் மிகக் கடினமான உறையால் ஆனது. அதற்குள் டென்டின் என்னும் சற்று மென்மையான அடுக்கும், நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த பற்கூழும் உள்ளன. சொத்தை டென்டினை அரித்துக்கொண்டு உள்ளே செல்லும்போது பற்கூழ் அழற்சியுறுகிறது, அதாவது இரத்த ஓட்டம் மிகுந்து வீங்க முற்படுகிறது. ஆனால் சுற்றிலும் கடினச் சுவர் இருப்பதால் வீங்க இடமின்றி உள்ளழுத்தம் ஏறி நரம்பை நெரிக்கிறது. படுத்தவுடன் தலைக்குச் செல்லும் இரத்தத்தின் அழுத்தம் கூடுவதால்தான் பகலில் பொறுக்க முடிந்த வலி இரவில் தாங்க முடியாததாகிறது. குளிர்ந்த நீர் பட்டுச் சில நொடிகளில் மறையும் கூச்சம் பற்கூழ் இன்னும் மீளக்கூடும் என்பதன் அடையாளம். காரணமின்றித் தானே எழுந்து நெடுநேரம் நீடிக்கும் குத்தல், அது மீளும் நிலையைக் கடந்துவிட்டது என்பதன் அடையாளம். அதன்பின் ஒருநாள் வலி சட்டென நின்றுபோகலாம். பல் குணமாகிவிட்டது என்று பலர் நிம்மதி அடைவது அப்போதுதான். உண்மையில் நரம்பு இறந்திருக்கிறது, கிருமிகள் வேரின் நுனி வழியே தாடை எலும்பை நோக்கி நகரத் தொடங்கியிருக்கின்றன.

மருத்துவரிடம் சேரும் வரை செய்யக்கூடியவை சிலவே என்றாலும் அவை பயன் தருபவை. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து வாய் கொப்பளித்து, பல்லிடுக்கில் சிக்கிய உணவுத் துணுக்கை மெல்லிய நூலால் மெதுவாக எடுத்துவிடுவதே முதல் வேலை; கீரையின் நாரோ இறைச்சித் துணுக்கோ ஈற்றில் அழுந்துவதே வலிக்குக் காரணமாக இருப்பதும் உண்டு. தலையணையை உயர்த்திச் சாய்ந்து படுப்பதும், துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கன்னத்தின் வெளிப்புறம் சில நிமிடங்கள் விட்டுவிட்டு வைப்பதும் உதவும். விசைப்படகில் மீன் காக்கக் கொண்டுசெல்லும் பனிக்கட்டி இதற்குப் போதும். கிராம்புத் தைலத்தில் உள்ள யூஜெனால் என்னும் பொருள் நரம்பைச் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்வதால், சிறு பஞ்சில் ஒரு துளியை மட்டும் நனைத்துச் சொத்தைக் குழியில் வைக்கலாம்; ஈற்றில் வழியவிட்டால் அது புண்ணாக்கும், சிறு குழந்தைகளுக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது.

மாத்திரைகளில் பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் வெவ்வேறு வழிகளில் செயல்படுவதால், இரண்டையும் சேர்த்து எடுப்பது பல்வலியில் தனித்தனியே எடுப்பதைவிட மிகுந்த பயன் தருகிறது. வளர்ந்தோர் ஒரு நாளில் பாராசிட்டமாலை மொத்தம் 4 கிராமுக்கு மேலும், ஐபுபுரூஃபனை மருத்துவர் சொல்லாமல் 1,200 மில்லிகிராமுக்கு மேலும் எடுக்கலாகாது. நாள்தோறும் மது அருந்துவோருக்குப் பாராசிட்டமாலின் வரம்பு இதனினும் குறைவு. வயிற்றுப் புண், சிறுநீரக நோய், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஐபுபுரூஃபனைத் தவிர்க்க வேண்டும். வெயிலிலும் உலை வெக்கையிலும் வியர்த்து உடலில் நீர் வற்றியவருக்கு அது சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்பதையும், டெங்கு ஐயமுள்ள காய்ச்சலில் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும் என்பதையும் இப்பகுதி மக்கள் தனியே நினைவில் கொள்வது நன்று. ஐயம் எழுந்தால் 104 என்னும் அரசு உதவி எண்ணில் கேட்கலாம்.

மருந்துக்கடையில் இரண்டு மூன்று ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை வாங்கி விழுங்கும் பழக்கம் வலியைக் குறைக்காது. அழற்சியுற்ற பற்கூழுக்குள் அம்மருந்து போதிய அளவில் சென்று சேர்வதில்லை. வீக்கமும் காய்ச்சலும் தோன்றித் தொற்று பரவும்போதுதான் அதற்கு வேலை உண்டு, அப்போதும் மருத்துவர் குறிக்கும் அளவிலும் நாள்கணக்கிலும் மட்டுமே. வலிக்கும் பல்லருகே புகையிலையை அடக்கிக்கொள்வது இன்னும் கொடியது. சிறிது நேர மரப்பை நாடித் தொடங்கும் அது நீங்காப் பழக்கமாகி, வாய்ப்புற்றில் கொண்டுபோய் விடுகிறது. ஆஸ்பிரினைப் பொடித்து ஈற்றில் வைத்தால் ஈறு வெந்துபோகும். கண்டங்கத்தரி விதையைச் சுட்டுப் புகை பிடித்துப் பல் பூச்சியை வெளியேற்றும் பழைய முறையும் உண்டு. சொத்தைக்குப் புழு காரணமன்று என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார் 1728-ஆம் ஆண்டிலேயே தம் நூலில் எழுதிவிட்டார்.

இவை யாவும் வலிக்கான தற்காலிக ஏற்பாடுகள். சில அறிகுறிகள் தோன்றிவிட்டால் அந்த ஏற்பாட்டுக்கு இடமே இல்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தாடைக்கு அடியிலும் நாக்கின் கீழும் பரவினால், கழுத்தின் மேற்பகுதி பலகைபோல் இறுகி, நாக்கு மேலெழும்பி, மூச்சுப்பாதை அடைபடலாம். 1836-இல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லுட்விக்கின் பெயரால் இந்நிலை இன்றும் குறிக்கப்படுகிறது. சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்க வல்லது. எனவே வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமை, குரல் மாறுதல், மூச்சுத் திணறல், கண்ணை மூடும் அளவுக்குக் கன்ன வீக்கம், குளிர் காய்ச்சல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், விடியட்டும் என்று காத்திராமல் 108 ஆம்புலன்ஸில் ஸ்டான்லியின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். கடலில் இருப்போர் வானொலிக் கருவி வழியாகவோ 1554 என்னும் எண்ணிலோ கடலோரக் காவல்படையின் உதவியைக் கோர வேண்டும். மார்பு இறுக்கத்தோடும் வியர்வையோடும் சேர்ந்து இடத் தாடையில் வரும் வலி பல்லினுடையதாக இல்லாமல் மாரடைப்பாகவும் இருக்கலாம்.

நரம்பு கெட்ட பல்லுக்கு முடிவான மருத்துவம் இரண்டே: வேர்க் குழாயைத் துப்புரவு செய்து அடைக்கும் வேர்ச் சிகிச்சை, அல்லது பல்லை எடுத்துவிடுதல். பணி முடிந்து வருபவருக்கு உதவும் வகையில் மாலை நேரப் பல் மருத்துவப் பிரிவு ஒன்று திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் இயங்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அது நிறைவேறும் வரை தொழிலாளர்கள் தம் கையிலுள்ள நாள்களைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. படகையும் வலையையும் செப்பனிடும் அந்நாள்களிலேயே படகு உரிமையாளர் சங்கங்கள் தம் தொழிலாளர் அனைவருக்கும் பல் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யட்டும்; வேர்ச் சிகிச்சைக்குத் தேவைப்படும் இரண்டு மூன்று வருகைகளுக்கு அந்த 61 நாள் தாராளமாகப் போதும்.