பழைய கணினிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்ட்: காசைக் கொடுக்க முன் பார்க்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அக்காவின் மகன் போன மாதம் எனக்கொரு படம் அனுப்பியிருந்தான். பாவித்த ஆர்எக்ஸ் 580 கார்ட், 8 ஜிபி. கீழே, “மாமா, விலை நல்லாத்தான் இருக்கு. எடுக்கட்டா?” என்று கேட்டிருந்தான். ட்யூஷனுக்குப் போகிற வழியில் மிச்சம் பிடித்த காசும் அம்மம்மா கொடுத்ததும் சேர்ந்த தொகை அது. பிழைத்தால் திரும்பச் சேர்க்க ஒரு வருடமாவது ஆகும்.

அவனுடைய கணினி நம் நாட்டில் பல வீடுகளில் இருக்கிற வகைதான். வெளிநாட்டு அலுவலகமொன்றில் பாவித்துக் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ், நான்காம் தலைமுறை ஐ5 புரொசசர், 8 ஜிபி ராம், பெயருக்கு ஒரு ஜிடி 730 கார்ட். நான் அவனிடம் ஒன்றுதான் சொன்னேன்: “முதல்ல மூடியைக் கழற்றி, பவர் சப்ளையில இருக்கிற லேபிளைப் படம் எடுத்து அனுப்பு.”

கார்ட் வாங்குவதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கார்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பழைய கணினி என்றால் தொடங்க வேண்டிய இடம் பவர் சப்ளை. மதர்போர்டில் கார்ட் குத்துகிற இடம் தரக்கூடிய மின்சாரம் அதிகபட்சம் 75 வொட். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்கு பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வர வேண்டும். ஆறு ஊசி வயர் இன்னொரு 75 வொட் தரும், எட்டு ஊசி வயர் 150 வொட் தரும். ஆர்எக்ஸ் 580 சுமார் 185 வொட் இழுக்கும். மருமகனின் புரொசசர் ஐ5 4590, அதன் கணக்கு 84 வொட். இரண்டும் சேர்ந்தாலே 269. அவன் அனுப்பிய லேபிளில் இருந்தது 290 வொட். ஹார்ட் டிஸ்க், ஃபேன், மதர்போர்ட் எல்லாம் மிச்சமுள்ள 21 வொட்டில் ஓட வேண்டும். கார்டுக்கான தனி வயரும் அதில் கிடையாது.

“அப்ப பவர் சப்ளையையும் மாத்துவம்” என்றான். கடையில் பெட்டியில் வருகிற சாதாரண பவர் சப்ளை இந்த அலுவலகக் கணினிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பல மாதிரிகளின் மதர்போர்டில் வழமையான 24 ஊசி இணைப்பே இல்லை. இடைமாற்றி வயர் விற்கிறார்கள்தான். ஆனால் சாட்டா வயரை எட்டு ஊசியாக மாற்றித் தரும் மலிவு வயர்கள் உருகிய கதைகள் நிறைய உண்டு. அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எனக்கு இது பாடமாக வந்த விதம் கொஞ்சம் செலவானது. 2022 செப்டெம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதோடு கார்டுகளைக் கொண்டு அதை மைனிங் செய்வது நின்றுபோனது. இரவும் பகலும் ஓடிய கார்டுகள் உலகமெங்கும் சந்தைக்கு வந்தன. அதே வருடம் இங்கே டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியிருந்தது. புதிய கார்டை நினைத்தும் பார்க்க முடியாத நிலையில், வீடியோ எடிட்டிங்குக்காக இணையத்தில் பார்த்த ஒரு பாவித்த கார்டை வாங்கினேன். இரண்டு கிழமை நன்றாக ஓடியது. பிறகு கணினி நடுவில் அணையத் தொடங்கியது. கார்டில் பிழை என்று விற்றவரோடு சண்டை பிடித்தேன். கடைசியில் பார்த்தால் என் பெயரில்லாத “500 வொட்” பவர் சப்ளைதான் காரணம். லேபிளில் 12 வோல்ட் பக்கத்துக்கு எத்தனை அம்பியர் எழுதியிருக்கிறது என்று அன்றுவரை நான் பார்த்ததில்லை. கார்டுக்கு வேலைக்காகும் எண் அதுதான்.

இரண்டாவது கேள்வி, உண்மையில் கார்ட்தான் தடையா? இதைக் கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை. விளையாட்டின் ரெசொலூஷனை 1080இலிருந்து 720க்குக் குறைத்துப் பாருங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் கார்ட்தான் திணறுகிறது. அசையாமல் அதே இடத்தில் நின்றால் தடை புரொசசரில், புதுக் கார்ட் போட்டும் பெரிய மாற்றம் வராது. வெலொரன்ட் போன்ற விளையாட்டுகள் புரொசசரைத்தான் கூடுதலாக நம்பியிருக்கின்றன. மருமகன் ஜிடிஏ 5இல் இதைச் செய்து பார்த்தான். ஃப்ரேம் ஏறியது. ஆக கார்ட் மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் நான்கு கோர், நான்கு த்ரெட் மட்டுமே உள்ள புரொசசரோடு பெரிய கார்ட் போட்டால், அதன் பாதிப் பலம் சும்மா இருக்கும்.

இனி 75 வொட்டுக்குள் என்ன கிடைக்கும்? 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650, 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6400, 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை. 3050இல் 8 ஜிபி வகையும் உண்டு. பெயர் ஒன்றுதான், ஆனால் அது 130 வொட், தனி வயர் கேட்கும். 1650இலும் சில மாதிரிகளில் ஆறு ஊசி இணைப்பு இருக்கும். பெயரை நம்பாமல் கார்டின் ஓரத்தைப் பார்க்க வேண்டும்.

1050 டிஐ மலிவாகக் கிடைக்கும். ஆனால் அந்தத் தலைமுறைக்கு புதிய விளையாட்டுகளுக்கான ட்ரைவர்களை என்விடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். இன்று காசு கொடுத்து வாங்க அது காரணமாகாது.

ஆர்எக்ஸ் 6400இல் வேறொரு சிக்கல். அது மதர்போர்டோடு பேசுவது நான்கு பாதைகளில் மட்டும், அதுவும் நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸை நம்பி வடிவமைத்தது. மருமகனின் போர்ட் மூன்றாம் தலைமுறை. அங்கே வேகம் பாதியாகிவிடும். 4 ஜிபி நினைவகம் நிரம்பும்போது கார்ட் கணினியின் ராமிலிருந்து இழுக்கப் பார்க்கும், அந்த ஒடுங்கிய வழியில் படம் விக்கும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கும் இதே குணம்தான். புதுக் கணினியில் சோதித்த யூடியூப் வீடியோவில் இது தெரியாது. இன்டெல் ஆர்க் கார்டுகள் விலைக்குப் பலமானவை என்றாலும், ரீசைசபிள் பார் வசதி இல்லாத பழைய போர்டில் பெரிதும் பின்தங்கிவிடும்.

பாவித்த கார்ட் என்றால் விற்பவர் முன்னிலையில் ஓடவிட்டுப் பார்க்காமல் எடுக்க வேண்டாம். பழைய ஜிடிஎஸ் 450 கார்டின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்கிறார்கள். விண்டோஸும் அந்தப் பொய்ப் பெயரையே காட்டும். ஜிபியூ ஸீ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் இப்படியான பல போலிகளைப் பெயருக்கு முன்னாலேயே சொல்லிக் காட்டிவிடும். பிறகு அரை மணித்தியாலம் ஒரு கனமான விளையாட்டை ஓட்டுங்கள். திரையில் நிறப்புள்ளி, கோடு வந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழும்பி வரலாம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடத்தில் கடை உத்தரவாதத்தோடு எடுத்தால் கொஞ்சம் கூடத்தான் கொடுக்க வேண்டியிருக்கும், ஆனால் திரும்பிப் போக ஒரு வாசல் இருக்கும்.

சின்னச் சின்ன விடயங்களும் உண்டு. பழைய மொனிட்டரில் நீல நிற விஜிஏ வயர் மட்டும்தான் என்றால், இந்தக் கார்டுகள் எதிலும் அது நேரடியாகக் குத்தாது, மின்சுற்று உள்ள இடைமாற்றி வேண்டும். கேஸ் ஒடுங்கியதென்றால் அரை உயரக் கார்ட்தான் நுழையும். மதர்போர்டின் பயாஸைப் புதுப்பிக்காவிட்டால் சில பழைய போர்டுகள் புதுக் கார்டோடு திரையையே காட்டாது.

மருமகனுக்கு நான் சொன்னது 3050இன் 6 ஜிபி வகை, ஒற்றை ஃபேன் உள்ளது. காசு எட்டாவிட்டால் தனி வயர் கேட்காத ஒரு 1650. அதற்கு முதல், இன்னொரு 8 ஜிபி ராம். இப்போது ஒரே துண்டாக இருப்பதால் ராம் ஒற்றைப் பாதையில் ஓடுகிறது. இரண்டாக்கினால் விளையாட்டில் விக்கல் குறையும்.

ராம் வாங்கிப் போட்டுவிட்டான். ஆர்எக்ஸ் 580ஐ வேறு யாரோ எடுத்துவிட்டார்களாம், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான் என்று அக்கா சொன்னா. நேற்று இரவு இன்னொரு படம் வந்தது. கணினியின் வயிற்றுக்குள் அம்மாவின் தையல் டேப், ஹார்ட் டிஸ்க் கூட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது. “மாமா, இவ்வளவுதான் இடம். காணுமா?”