சிங்கப்பூர் வாடிக்கையாளருக்கு ரூபாய் விலை தெரிவது ஏன்?

கடல் கடந்த வியாபாரம் நம் வணிகர்களுக்குப் புதிதல்ல. அந்நாளில் சரக்கைக் கப்பலில் ஏற்றி, போன ஊரில் கிளை திறந்து, நம்பிக்கையான ஒருவரைக் கல்லாவில் உட்கார வைத்தார்கள். இன்று மளிகைக் கடைக்காரர் ஒருவர் ஊரை விட்டு நகராமலே அப்பளம், வற்றல், மசாலாப் பொடி வகைகளை இணையதளம் மூலம் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பிரிட்டனுக்கும் விற்கலாம். ஆனால் கிளைகளைச் சரியாக நிர்வகிக்காவிட்டால் வரும் தொல்லை இங்கும் உண்டு.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு வணிகர் இந்தியாவுக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறார். அதில் வற்றல் பாக்கெட் 120 ரூபாய். சிங்கப்பூருக்கு வேறொரு பக்கம். அதில் விமானக் கூலி சேர்த்து அந்நாட்டு டாலரில் விலை. சிங்கப்பூரில் இருக்கும் ஒரு குடும்பத் தலைவி கூகுளில் தேடும்போது அவர் கண்ணில் படுவதோ இந்தியப் பக்கம். மலிவாக இருக்கிறதே என்று மகிழ்ந்தவர், பணம் கட்டும் இடத்தில் கூலியைக் கண்டதும் ஒதுங்கிவிடுகிறார். சரக்கும் இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறார். வியாபாரம் மட்டும் நடக்கவில்லை. "ஒரு விலை சொல்லி வேறு விலை கேட்கிறார்கள்" என்ற கெட்ட பெயர்தான் மிச்சம்.

காரணம் என்ன?

இரண்டு பக்கங்களிலும் எழுத்து ஒன்றே, விலை மட்டும் வேறு என்றால், கூகுள் அவற்றை ஒரே சரக்கின் இரு பிரதிகள் என்று எண்ணி ஒன்றை மட்டும் காட்டக்கூடும். எந்தப் பக்கம் எந்த நாட்டாருக்கு என்பதை நாம்தான் சொல்லவேண்டும். இதற்காகவே கூகுள் 2011-ஆம் ஆண்டு 'எச்ரெஃப்லாங்' என்ற குறிப்பை ஏற்கத் தொடங்கியது. கடைக்கு வெளியே மாட்டும் பெயர்ப்பலகை போன்றது இது. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாது. தேடுபொறி மட்டும் படிக்கும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, கணக்கு இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். இந்தியப் பக்கம் சிங்கப்பூர்ப் பக்கத்தைக் காட்டினால், அதுவும் இந்தியப் பக்கத்தைக் காட்ட வேண்டும். நம் பேரேட்டில் உள்ள வரவு எதிராளியின் பேரேட்டில் இல்லையென்றால் செல்லுமா? அதுபோலத்தான். ஒவ்வொரு பக்கமும் தன்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, குறியீட்டில் பிழை கூடாது. முதலில் மொழி, பிறகு நாடு. தமிழுக்கு 'டி.ஏ.', சிங்கப்பூருக்கு 'எஸ்.ஜி.'. இலங்கைக்கு 'எல்.கே.', 'எஸ்.எல்.' என்று போட்டால் அது சியரா லியோன் நாடாகிவிடும். பிரிட்டனுக்கு 'யு.கே.' அல்ல, 'ஜி.பி.'. மலேசியாவின் 'எம்.ஒய்.' நாட்டுக் குறியீடாகச் சரி; அதையே மொழியின் இடத்தில் எழுதினால் பர்மிய மொழி என்று பொருளாகும். இத்தகைய பிழைகளைக் காட்டிவந்த அறிக்கையைக் கூகுள் 2022-இல் நிறுத்திவிட்டது. ஆகவே தளம் அமைத்துக் கொடுப்பவரிடம் கேட்டு நாமே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, 'கெனானிக்கல்' என்னும் குறிப்பு. எல்லா நாட்டுப் பக்கங்களிலும் "மூலப் பக்கம் இந்தியப் பக்கமே" என்று எழுதிவிட்டால், மற்றப் பக்கங்களுக்கு நாமே பூட்டுப் போட்டதாகும். ஒவ்வொரு பக்கமும் தன்னையே மூலமாகக் காட்டட்டும்.

நான்காவது, வருபவரைக் கையைப் பிடித்து இழுத்துச் செல்லக் கூடாது. எந்த நாட்டு இணைப்பிலிருந்து வருகிறார் என்று பார்த்துத் தானாகவே வேறு பக்கத்துக்குத் தள்ளிவிடும் ஏற்பாட்டைப் பலர் செய்கிறார்கள். கூகுளின் தேடும் இயந்திரம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே வருகிறது. அதையும் இப்படித் தள்ளினால் மற்ற நாட்டுப் பக்கங்கள் அதன் கண்ணிலேயே படாமல் போகும். "சிங்கப்பூர் விலைக்கு இங்கே" என்று மேலே ஒரு வரி வைத்தால் போதும். எந்தப் பட்டியலிலும் சேராத நாட்டாருக்காக 2013-இல் வந்த 'எக்ஸ்-டிஃபால்ட்' என்ற பொதுவாசல் இருக்கிறது.

சரக்கும் மாற வேண்டும்

இந்தக் குறிப்பு நம் கடையைத் தேடல் வரிசையில் மேலே ஏற்றிவிடாது. சரியான பக்கத்தை முன்னே நிறுத்தும், அவ்வளவே. ஆகவே பக்கமும் அந்தந்த நாட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நாம் பிரிஞ்சால் என்பதைப் பிரிட்டனில் ஆபர்ஜீன் என்பார்கள், அமெரிக்காவில் எக்பிளாண்ட். கத்தரி வற்றல் விற்பவர் அந்தந்த ஊர்ப் பேச்சில் எழுதினால்தானே தேடுபவர் கண்டுபிடிப்பார்? நாணயம், அனுப்பும் கூலி, சேரும் நாள், திருப்பி அனுப்பும் முறை ஆகியவற்றையும் தெளிவாகப் போடுங்கள். இவற்றை எழுத நேரமில்லாத நாட்டுக்குத் தனிப்பக்கம் வேண்டாம். ஆள் இல்லாத கிளையைத் திறந்து வைப்பதால் யாருக்கு லாபம்?

இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் உங்கள் கடைப் பெயரையும் ஒரு சரக்கின் பெயரையும் தேடச் சொல்லி, எந்த விலை தெரிகிறது என்று கேளுங்கள். ரூபாய் என்று பதில் வந்தால், தளம் அமைத்தவரை உடனே கூப்பிடுங்கள். வாசல் வரை வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது வணிகனுக்கு அழகல்ல.