போர்ட்டிகோவில் ஒரு பட்டறை... முதலில் தரையைப் பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை. போர்ட்டிகோவில் பைக் நிற்கிறது. பக்கத்தில் விரித்த சாக்கின் மேல் நாலைந்து ஸ்பேனர்கள், பாதியாக வெட்டிய கேனில் கறுத்த ஆயில். “நான் பிடிச்சுக்கிறேன்ப்பா” என்று மகள் வந்து உட்காருகிறாள். தனி வீடுகளில் பட்டறை பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. பிறகு டிரில்லிங் மெஷின் வரும், கிரைண்டர் வரும், “செருப்பு விடக்கூட இடமில்லை” என்ற முணுமுணுப்பும் வரும்.

அடுத்த கருவியை வாங்கும் முன், காலடியில் இருக்கும் தரையைக் கொஞ்சம் பாருங்கள்.

போர்ட்டிகோவில் வழவழப்பான டைல்ஸ் பதித்திருந்தால் ஒரு சொட்டு ஆயில் போதும், வழுக்கிவிடும். காரை ஜாக்கியில் தூக்கும்போது பாரம் முழுக்க உள்ளங்கை அளவு இடத்தில் இறங்கும். அடியில் பொள்ளலாக இருக்கும் டைல் விரியும், பேவர் பிளாக் அமுங்கும். ஜாக்கிக்குக் கீழே கனமான பிளைவுட் பலகை போடுவது நல்லது. பட்டறைக்கு ஏற்றது சொரசொரப்பான சிமென்ட் தரைதான்.

தண்ணீர் வடிவதற்காகப் போர்ட்டிகோ தரை வாசலை நோக்கிச் சரிந்திருக்கும். அந்தச் சரிவே போதும், கார் நகர்வதற்கு. பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும். பின்பக்கத்தைத் தூக்கினால் அது பயன்படாது. முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுக்க வேண்டும். காருடன் வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அடியில் நுழைவதென்றால் ஜாக் ஸ்டாண்ட் இல்லாமல் நுழையவே கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அதற்கு மாற்று அல்ல. அவை முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

கார் கழுவிய ஈரத்தில் வெறுங்காலோடு நின்று, ஹாலிலிருந்து இழுத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கிரைண்டர் ஓட்டுவது இன்னொரு விபரீதம். எர்த்துடன் தனி லைன், 16 ஆம்பியர் பிளக், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றையும் எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்குங்கள். ஷட்டர் போட்ட ஷெட் என்றால், அதை மூடிவைத்து இன்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

தின்னர், பெட்ரோல், பேட்டரி ஆசிட் எதையும் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்க வேண்டாம். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு அது தண்ணீர் பாட்டில்தான்.

ஆயில் எங்கே போகிறது?

தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமானது. பல வீடுகளில் அந்தக் குழி போர்ட்டிகோவை ஒட்டியே இருக்கிறது. தரையில் சிந்திய ஆயிலை சோப்புத்தூள் போட்டுக் கழுவிவிட்டால், அது அந்தக் குழிக்குள் இறங்கும். பக்கத்திலேயே வீட்டு போர்வெல்! அதனால் முதலில் மரத்தூளோ மணலோ கொட்டி, ஊறவிட்டு, கூட்டி அள்ள வேண்டும். தேய்த்துக் கழுவுவது அதற்குப் பிறகுதான். அந்தத் தண்ணீரும் குழிப்பக்கம் போகக் கூடாது. கறுத்த ஆயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவு ஆயிலைச் சேகரித்து அனுப்பும் மெக்கானிக் கடையில் கொடுக்கலாம்.

வாசல் ரேம்ப்

தாருக்கு மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்த தெருக்களில், மழைத் தண்ணீர் ரேம்ப் வழியாக உள்ளே வருகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு உத்தரவிட்டார். ஏற்கெனவே பள்ளமாகிவிட்ட வீடுகளுக்கு, கேட்டின் குறுக்கே கம்பிச்சட்டம் மூடிய சிறு கால்வாய் கைகொடுக்கும். ரேம்பை நீட்டித் தெருவின் மழைநீர் வடிகாலை அடைத்துவிட்டால், மாநகராட்சி இடிப்பது ஒருபுறம். முதலில் நனைவது பக்கத்து வீடு.

ரேம்பில் விரிசல் விட்டால் மேலே சிமென்ட் பால் பூசுவது வீண்; ஒரே மழையில் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். உடைந்த பகுதியைக் கொத்தி எடுத்து, நனைத்து, ஜல்லிக் கலவை போட வேண்டும். ஈரம் காயும் முன் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிட்டால் டயருக்கும் காலுக்கும் பிடிப்பு கிடைக்கும். கடைகளில் இப்போது அதிகம் விற்பது பி.பி.சி. சிமென்ட். அதற்கு 10 நாளாவது சாக்கு போட்டுத் தண்ணீர் விட வேண்டும். அதுவரை கார் தெருவிலேயே நிற்கட்டும். ராத்திரியில் தெருநாய் ஏறிப் போகாமல் முதல் நாள் மட்டும் ஒரு பலகையைக் குறுக்கே வைத்துவிடுங்கள்.