பை மாட்டினால் டூரிங் பைக் ஆகிவிடுமா?

எண்ணூர் விரைவுச்சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, இருபுறமும் தோல் பை தொங்க ஒரு புல்லட் போனால் போதும். "லடாக் வண்டி மச்சான்" என்று பையன்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், பையைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும்; முதலில் இன்ஜின்.

நம் நாட்டில் புல்லட்டுக்குத் தாய்வீடு திருவொற்றியூர். ராணுவம் எல்லைக் காவலுக்கு 800 வண்டி கேட்டதை அடுத்து, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டுடன் கைகோத்து இங்கே தொழிற்சாலை தொடங்கியது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள்; போகப்போக எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். அந்நாளைய புல்லட்டின் 346 சிசி இன்ஜினில் பிஸ்டனின் அகலம் 70 மி.மீ., அது ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. அதனால் ஆக்ஸிலேட்டரை முறுக்காமலே இழுவை கிடைக்கும். இரண்டு பேர், மூட்டை முடிச்சு, மலையேற்றம், எதற்கும் அடிக்கடி கியரைக் குறைக்க வேண்டியதில்லை. நெடும்பயணத்துக்கு முதல் தகுதி இதுதான்; வேகமெல்லாம் அப்புறம்.

அடுத்தது பெட்ரோல் டேங்க். 2016-இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனுக்கு 15 லிட்டர். லிட்டருக்கு 30 கி.மீ. என்று வைத்தாலும், சென்னையில் நிரப்பினால் மதுரையை நெருங்கிவிடலாம். முதுகு நிமிர்ந்து உட்கார முடிகிறதா என்பதும் முக்கியம். 2002-இல் வந்த அதே கம்பெனியின் தண்டர்பேர்டு, உயர்ந்த ஹேண்டில்பாரோடு அதைக் கொடுத்தது.

பை பிறகு வரலாம் என்பதற்கு ஹோண்டா கோல்ட்விங்கே சாட்சி. 1975-இல் வந்தபோது அதில் பெட்டியும் இல்லை, கண்ணாடித் தடுப்பும் இல்லை. ஓட்டியவர்களே வாங்கி மாட்டிக்கொண்டு ஊர் சுற்றினார்கள். இவற்றோடு கம்பெனியிலிருந்தே வண்டி வந்தது 1980-இல்தான்.

இனி பை. நம்மூரில் பலர் அதைச் சேலை கார்டில் கட்டிவிடுகிறார்கள். பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காதிருக்க, பின்சக்கரத்தில் பாதியாவது மறைய வேண்டும் என்று மோட்டார் வாகன விதி சொல்கிறது. அதற்காக வைத்த மெல்லிய கம்பி அது. பத்து கிலோ தொங்கினால், குண்டும் குழியுமான சாலையில் வளைந்து, பை சக்கரத்திலோ சைலென்சரிலோ உரசும். சேஸியில் போல்ட் போட்டு முடுக்கும் தனித் தாங்கி (ஸ்டே) வேண்டும். கனமான சாமான் அடியில், முன்பக்கமாக இருக்கட்டும். பின்னால் பாரம் ஏறினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் ஆடும்.

பை வாங்கும் முன் ஸ்டேவை வாங்குங்கள். புறப்படும் முன் பாரத்துக்கேற்பப் பின்டயரில் காற்று ஏற்றுங்கள்.