பால்மரத்திலிருந்து பாலத்தின் அடிக்கு

ரப்பர் மரத்தின் பட்டை ஒரு சென்டிமீட்டர் தடிமன் இருந்தாலே பெரிது. பால் குழாய்கள் அதன் உட்பக்கத்தில், மரம் பருக்கக் காரணமான மெல்லிய வளர்திசுவை ஒட்டி, நெருக்கமாக ஓடுகின்றன. வெட்டு ஆழம் போதாவிட்டால் பால் குறையும். கத்தி வளர்திசுவைத் தொட்டுவிட்டாலோ மரத்தில் காயம் விழுந்து, பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் மறுபடி வளரும். அதனால் பட்டையில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரை மிச்சம் வைக்க வேண்டும். கெடாவின் கடலோரக் கோத்தா கோலா மூடாவிலிருந்து உள்ளே தள்ளி, சுங்கைப் பட்டாணி, பீடோங், குருண் வட்டாரத்துத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிமார் இந்த ஒரு மில்லிமீட்டர் கணக்கை விளக்கு வெளிச்சத்தில், நிரை முழுக்க, மரத்துக்கு மரம் தவறாமல் காப்பாற்றினார்கள். இதைத் திறமை இல்லாத கூலி வேலை என்று எழுதி வைத்தவர்கள் மரத்தருகே நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

விடியுமுன் வெட்டுவது ஏன்? வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும், பால் குழாய்களின் உள்ளழுத்தம் தளர்ந்துவிடும். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து இறங்குவது ஏன்? குழாய்கள் செங்குத்தாக ஏறாமல் சற்றே வலம் சாய்ந்து ஏறுகின்றன. அந்தச் சரிவில் வெட்டினால் கூடுதலான குழாய்கள் திறக்கும். மங்கில் சொட்டும் பால் சில மணி நேரத்தில் தானே நின்றுபோவதற்கும் காரணம் உண்டு. பாலில் மிதக்கும் நுண்பைகள் உடைந்து, வெட்டுவாயை அடைத்துவிடுகின்றன. எத்திலீன் வாயுவை வெளியிடும் எத்தெஃபான் என்ற மருந்தைப் பட்டையில் தடவினால் அந்த அடைப்பு தாமதமாகும் என்பதை 1960களின் பிற்பகுதியில் மலேசிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் யார் பணம் கொடுத்தார்கள் என்பதை நாம் அதிகம் பேசியதில்லை.

1925இல் மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் சட்டப்படி உருவானது. அதன் செலவுக்கு ஏற்றுமதியாகும் ரப்பரின் எடைக்கு ஏற்ப ஒரு சிறு தீர்வை விதித்தார்கள். செஸ் என்று தோட்டத்து ஆபீசுகளில் சொல்வது இதைத்தான். பணம் தொழிலுடையது, அதை வசூலிக்கும் அதிகாரம் அரசுடையது. இந்த ஏற்பாட்டின் கூர்மை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஒரு தோட்டம் தன் செலவில் நல்ல மரத்தைக் கண்டுபிடித்தாலும், அதன் மொட்டுக்கிளை ஒன்று வேலியைத் தாண்டினால் போதும், பக்கத்துத் தோட்டமும் ஒட்டுக்கட்டிக்கொள்ளும். அப்படியானால் முதலில் செலவழிக்க யார் முன்வருவார்கள்? எல்லாரிடமும் கட்டாயமாக வாங்கி, விளைவை எல்லாருக்கும் பொதுவாக்கியதில் இந்தச் சிக்கல் அவிழ்ந்தது.

அந்தக் கழகம் உருவாக்கிய ஆர்ஆர்ஐஎம் 600 என்ற மரவகையைப் பாருங்கள். அதன் ஒரு பெற்றோர் ஜாவாவிலிருந்து வந்த ட்ஜிர் 1. மற்றது பிபி 86, பிராங் பெசார் என்ற தனியார் தோட்டத்தில் தேர்ந்தெடுத்த வகை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் தொடங்கிய தோட்டம் அது. அந்த நிலத்தில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. தனியார் தோட்டத்து மரமும் தீர்வைப் பணத்தில் நடந்த கழகமும் சேர்ந்து 1937இல் பிறப்பித்த இந்தக் கலப்பு, பழைய விதைமரங்களைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு பால் தந்தது. தாய்லாந்தில் மிக அதிகமாக நடப்பட்ட வகையும் அதுதான். ஆனால் மகரந்தம் சேர்த்த நாளிலிருந்து தோட்டக்காரருக்குத் துணிந்து பரிந்துரைக்கும் நாள்வரை இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பிடிக்கும். எந்தக் கம்பெனியின் ஆண்டுக் கணக்கும் அவ்வளவு பொறுக்காது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும், ரப்பர் கிடைக்காத அமெரிக்கா எண்ணெயிலிருந்து செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்யக் கற்றுக்கொண்டது. பால்மரம் பிழைக்க வேண்டுமானால் அதன் பாலால் மட்டும் முடிகிற வேலைகளைத் தேடியாக வேண்டும். உற்பத்தியாளர்கள் 1938இலேயே இங்கிலாந்தில் தொடங்கியிருந்த ஆய்வுச் சங்கத்துக்கு அந்தப் பொறுப்பு வந்தது. இன்று ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் துன் அப்துல் ரசாக் ஆய்வு மையமாக இருப்பது அதன் தொடர்ச்சி.

அங்கே வளர்ந்ததில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது நிலநடுக்கத் தாங்கி. ரப்பர் தகடும் எஃகுத் தகடும் மாறி மாறி அடுக்கிச் சுட்டு ஒட்டிய கனத்த கட்டை அது. மேலிருந்து பெரும் பாரம் வந்தாலும் ரப்பரை எஃகு பிதுங்க விடாது. பக்கவாட்டில் மட்டும் ரப்பர் இளகிக் கொடுக்கும். நிலம் வெடவெடவென்று ஆடும்போது மேலே உள்ள கட்டடம் தொட்டிலைப்போல மெதுவாக அசைந்து அமைதியாகிவிடும். அதிர்வின் ஆற்றலில் ஒரு பகுதியை ரப்பரே வெப்பமாக விழுங்கிக்கொள்கிறது. கலிஃபோர்னியாவின் ராஞ்சோ குக்கமொங்காவில் 1985இல் முடிந்த நீதிமன்றக் கட்டடம் இத்தகைய 98 தாங்கிகளின் மேல் நிற்கிறது. அமெரிக்காவில் அந்த முறையில் எழுந்த முதல் கட்டடம் அதுதான்.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அப்பால் கடலடி நிலம் 9.1 அளவில் அதிர்ந்தது. நண்பகல் தாண்டி கோத்தா கோலா மூடாவின் மீனவர் வீடுகளுக்குள் கடல் புகுந்தது. உடைந்த படகுகளை அடுக்கி எழுப்பிய நினைவுச்சின்னம் இன்றும் அங்கே நிற்கிறது. அலையை ரப்பர் தடுக்காது. ஆனால் மலேசியாவுக்கும் நில அதிர்வு வரும் என்ற அச்சம் அன்று பலருக்குப் புதிதாக ஊன்றியது. பத்து ஆண்டுக்குப் பிறகு, 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாவது பினாங்குப் பாலத்தின் அடியில் இயற்கை ரப்பர் தாங்கிகளே இருக்கின்றன. அந்தப் பாலம் கெடா சுல்தான் அப்துல் ஹலீமின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அதே 2014இல் ஐரோப்பிய ஒன்றியம், உயிரிப் பொருள்களை நம்பிய தொழில்களின் ஆராய்ச்சிக்கு 97.5 கோடி யூரோ ஒதுக்கி, தொழில் நிறுவனங்கள் 270 கோடி யூரோ போட வேண்டும் என்று ஒரு கூட்டு நிதியம் தொடங்கியது. அரசும் தொழிலும் கைகோத்த புதுமை என்று அதைப் பலர் கொண்டாடினார்கள். நம் தோட்டங்களுக்கு அது தொண்ணூறு ஆண்டுப் பழைய செய்தி.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கணக்குப் புத்தகத்தில் தீர்வை கட்டியவர் தோட்ட முதலாளி. ஏற்றுமதியான ஒவ்வொரு பவுண்டு ரப்பரும் யாரோ ஒருவரின் வாளியிலிருந்து வந்தது. மரத்தை அன்றாடம் தொட்டு அறிந்தவர்களை ஆய்வின் திசையைத் தீர்மானிக்கும் பங்காளிகளாக நடத்தியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. கூடுதல் பால் தரும் மரத்துக்குப் போட்ட உழைப்பில் ஒரு பங்கு, லயத்தில் வாழ்ந்தவர்களின் முதுகுவலிக்கும் கண்பார்வைக்கும் போயிருந்தால் தோட்ட வரலாறு சற்று வேறாக இருந்திருக்கும். பின்னாளில் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, மரத்தோடு சேர்த்து அவர்களையும் அப்புறப்படுத்தினார்கள்.

இன்று பால் வெட்டுவோரில் பெரும்பாலோர் சிறுதோட்டக்காரர்கள். 1988இல் 16 லட்சம் டன்னைத் தாண்டிய மலேசிய உற்பத்தி இப்போது நான்கு லட்சம் டன்னுக்கும் கீழே. 2017 முதல் பெஸ்டலோஷியாப்சிஸ் என்ற பூஞ்சையால் இலைகள் கொத்துக் கொத்தாக உதிர்கின்றன. உற்பத்தி சுருங்கினால், எடைக்கணக்கில் வரும் தீர்வையும் சுருங்கும். நோய் தாங்கும் மரத்துக்கான மகரந்தத்தை இந்த ஆண்டு சேர்த்தாலும், சிறுதோட்டக்காரரின் கைக்கு நம்பகமான கன்று வர 2040களின் நடுப்பகுதி ஆகிவிடும். அதுவரை ஆண்டு தவறாமல் யார் பணம் போடுவது, அந்த மேசையில் பால் வெட்டுபவர் உட்காருவாரா என்பதை இப்போதே முடிவு செய்தாக வேண்டும்.