வளைவும் அச்சும்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த ஊர் ஓசூர். லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்யும் தொழிற்சாலைகளால் பெயர்பெற்ற அவ்வூரை அடுத்த பெலகொண்டப்பள்ளியில், 1990-களில் பி-68சி என்னும் சிறு விமானமும் உருவாயிற்று. இரண்டு இயந்திரங்களையுடைய அவ்விமானத்தின் இறக்கை, நுனிக்கு நுனி 12 மீட்டர் நீளமுடையது. அதனை 48-இல் ஒரு பங்காகச் சுருக்கி மாதிரி செய்யப் புகும் மாணவனுக்கு இறக்கை 25 சென்டிமீட்டராக அமையும்.

இறக்கையையும் வாலையும் பிளாஸ்டிக் தகட்டிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். விமானியின் முன்னுள்ள கண்ணாடியும் இயந்திரங்களைப் போர்த்த மூடிகளும் அவ்வாறு அமையா. தாளைச் சுருட்டினால் குழாய் ஆகும், கிண்ணம் ஆகாது. பல திசைகளிலும் வளைய வேண்டுமாயின், தகடு நீண்டு கொடுத்தல் வேண்டும். அதற்கு வெப்பம் இன்றியமையாதது.

பிளாஸ்டிக் அனைத்தும் வெப்பத்தால் இளகுவன அல்ல. பழைய மின்விசைப் பொத்தான்களில் காணப்படும் பேக்கலைட், ஒருமுறை இறுகியபின் மீண்டும் இளகாது. மிகச் சூடேறின் கருகும். பாலிஸ்டைரீனோ 100 பாகை செல்சியசு அளவில் இளகத் தொடங்கி, ஆறியதும் இறுகும். பி.வி.சி. தகட்டைச் சூடாக்குதல் கூடாது. அதிலிருந்து எழும் ஆவி மூச்சுக்கு ஊறு செய்யும்.

முதலில் மரத்தால் அச்சுச் செய்துகொள்ள வேண்டும். 'அச்சில் வார்த்தாற்போல' என்பது உலக வழக்கு. இங்கே வார்த்தல் இல்லை, அழுத்தலே உண்டு. எனினும் அச்சின் குணமே பொருளின் குணமாதலில் மாற்றமில்லை. சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலை போன்ற நுண்ணிழை மரம் ஏற்றது. அதனை உப்புத்தாளால் நன்கு தேய்க்க வேண்டும். தேய்க்காது விட்ட கீறல், தெளிந்த தகட்டில் அப்படியே பதிந்துவிடும்.

பலரும் தவறுவது அளவில்தான். மூடியின் அளவுக்கே அச்சைச் செதுக்கினால், 1 மில்லிமீட்டர் தகடு இருபுறமும் போர்த்தி, அகலம் 2 மில்லிமீட்டர் கூடிவிடும். உண்மை விமானத்தில் அது 96 மில்லிமீட்டருக்குச் சமம். ஏறத்தாழ ஒரு கைப்பிடி அகலம்! ஆதலின் தகட்டின் கனத்தைக் கழித்தே அச்சைச் செதுக்குதல் வேண்டும். ஆறிய மூடி கழன்று வருதற்பொருட்டு, அச்சின் அடி அகன்றும் நுனி குறுகியும் இருத்தல் நலம்.

அடுத்து, ஒட்டுப்பலகையில் அச்சின் அடியைவிடச் சுற்றிலும் தகட்டின் கனமளவு பெரிய துளையிட்டு, அதன்மேல் தகட்டை இறுகப் பொருத்த வேண்டும். பெரியவர் ஒருவர் துணையுடன், காற்றோட்டமுள்ள இடத்தில், கையுறை அணிந்து, மின்னடுப்பின் மேலே உயர்த்திப் பிடித்துச் சூடேற்றுக. தகடு துளையின் நடுவே தொய்யும் வேளையே தக்க வேளை. அப்பொழுது அச்சை நேராக, ஒரே மூச்சில் அழுத்த வேண்டும். தயங்கினால் தகடு பாதியிலேயே இறுகிவிடும்; மிகச் சூடேறியிருந்தாலோ மெலிந்து கிழியும்.

கிழியாது கோணலாக அமைந்ததை உடனே எறிய வேண்டுவதில்லை. மீண்டும் சூடு காட்டினால், தகடு பழைய தட்டை வடிவை நோக்கித் திரும்பும். செம்மையாக அமைந்த மூடியை ஓரம் வெட்டி எடுத்தபின், அவ்வச்சையே மற்றொரு தகட்டில் அழுத்தினால் இரண்டாம் இயந்திரத்திற்கும் அதே மூடி கிடைக்கும்.