கப்பலில் வந்து கழிமுகத்தில் கரையும் மணிச்சத்து

அம்பத்தூரில் தொடங்கி கும்மிடிப்பூண்டி வரை, இரும்புத் தகட்டுக்கு பவுடர் கோட்டிங் போடும் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் வரிசையாகத் தொட்டிகள் நிற்கும். ‘செவன் டேங்க் பிராசஸ்’ என்பார்கள். எண்ணெய் நீக்கம், கழுவல், துரு நீக்கம், மறுபடி கழுவல், ஆக்டிவேஷன், பாஸ்பேட்டிங், பேசிவேஷன் என்று ஏழு. மின்பெட்டிக் கதவோ பஸ் இருக்கைச் சட்டமோ, இந்த ஏழிலும் முங்கி எழுந்த பிறகுதான் பெயின்ட் பக்கம் போகும்.

இவற்றில் ஆறாவது தொட்டிதான் முக்கியம். துத்தநாக பாஸ்பேட் கரைந்த, லேசாக அமிலத்தன்மை கொண்ட வெந்நீர் அதில் இருக்கும். தகடு உள்ளே இறங்கியதும் அமிலம் இரும்பைச் சிறிது அரிக்கிறது. அப்படி அரிக்கும்போது தகட்டின் மேற்பரப்பை ஒட்டிய நீரில் மட்டும் அமிலம் குறைந்துபோகிறது. அமிலம் குறைந்த இடத்தில் துத்தநாக பாஸ்பேட்டால் கரைந்த நிலையில் இருக்க முடியாது. படிகமாகித் தகட்டிலேயே ஒட்டிக்கொள்கிறது. சில நிமிடங்களில் பளபளத்த இரும்பு மங்கிய சாம்பல் நிறத்தில் வெளியே வருகிறது. ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று கிராம் எடைதான் இருக்கும் அந்தப் படலம். பெயின்ட் உரியாமல் பிடித்து நிற்பதும், கீறல் விழுந்தாலும் துரு பக்கவாட்டில் பரவாமல் அடங்குவதும் அதனால்தான். இங்கிலாந்தில் தாமஸ் காஸ்லெட் 1906இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. கார் கம்பெனியிலிருந்து சின்னப் பட்டறை வரை இன்றும் இதன் வழிவந்த முறைகள்தான் ஓடுகின்றன.

தொட்டியைக் கவனிப்பவர் ஷிப்டுக்கு ஷிப்ட் ‘பாயின்ட்’ பார்ப்பார். பத்து மில்லி கரைசலை எடுத்து, நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டு, காஸ்டிக் சோடா கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்குவார். நிறம் மாற எத்தனை மில்லி பிடித்ததோ அதுவே பாயின்ட். பாயின்ட் இறங்கினால் பாஸ்பேட் கெமிக்கல் சேர்க்க வேண்டும். வேதிவினையை விரைவுபடுத்த ‘டோனர்’ என்ற பெயரில் சோடியம் நைட்ரைட் போகும். கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்கள் செய்யும் அதே டைட்ரேஷன், இங்கே கையுறை போட்ட ஒரு தொழிலாளியின் அன்றாட வேலை. அவர் கணக்குத் தவறினால் பாதிக்கப்படுவது ஒரு லாட் பெட்டி முழுவதும்.

தொட்டியில் ஊற்றும் பாஸ்பேட் முழுவதும் தகட்டில் ஏறுவதில்லை. கரைந்த இரும்பை நைட்ரைட் ஆக்சிஜனேற்றம் செய்ய, அது இரும்பு பாஸ்பேட்டாக மாறி அடியில் சேறுபோலத் தங்குகிறது. அபாயகரக் கழிவுகள் குறித்த 2016ஆம் ஆண்டு விதிகள் ‘பாஸ்பேட் கசடு’ என்றே பெயர் சொல்லி இதைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. துத்தநாகமும் கலந்திருப்பதால் வயலில் கொட்டவும் முடியாது. இத்தகைய கழிவுகளைப் பாதுகாப்பாகப் புதைப்பதற்கான மையம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே இருக்கிறது.

சட்டப்படி புதைப்பது சரிதான். ஆனாலும் நாம் புதைப்பது நம்மிடம் போதிய அளவு இல்லாத பாஸ்பேட்டை. திருச்சி மாவட்டம் ஊட்டத்தூர் பக்கம் பாஸ்பேட் உருண்டைகள் கிடைப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே கண்டறிந்தார்கள். பெரும் சுரங்கமாக அது வளரவில்லை. ராஜஸ்தானின் ஜாமர்கோட்ரா சுரங்கம் நாட்டின் தேவைக்குப் போதாது. பாறையாகவோ பாஸ்பாரிக் அமிலமாகவோ டி.ஏ.பி. உரமாகவோ பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. உலக இருப்பில் சுமார் 70 சதவீதம் மொராக்கோவிடமும் அதன் கட்டுப்பாட்டிலுள்ள மேற்கு சகாராவிலும் இருக்கிறது. 2021இல் உலகச் சந்தையில் விலை ஏறியபோது, ஒரு டி.ஏ.பி. மூட்டைக்கான மானியத்தை 500 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக மத்திய அரசு உயர்த்த வேண்டியிருந்தது.

கப்பலில் வரும் பாஸ்பேட்டை உரமாக்கும் ஆலைகளும் சென்னையின் இந்த வடக்குப் பகுதியில்தான் இருக்கின்றன. மணலியில், 1966இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ‘விஜய்’ 17-17-17 தயாரித்தது. எண்ணூரில் கோரமண்டல் ஆலை. பாஸ்பாரிக் அமிலத்தோடு அம்மோனியாவைச் சேர்த்தால் அம்மோனியம் பாஸ்பேட் உரம். அந்த அம்மோனியாவைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும் கடலடிக் குழாயில்தான் 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டிக் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பொன்னேரி விவசாயி அடியுரமாக இடும் ஒரு மூட்டைக்கு எண்ணூர் மீனவர் கொடுத்த விலை அந்த இரவு. எந்த மானியக் கணக்கிலும் அது வராது.

ஐம்பது கிலோ டி.ஏ.பி. மூட்டையில் தனிமமாகக் கணக்கிட்டால் சுமார் பத்து கிலோ பாஸ்பரஸ், அதாவது மணிச்சத்து, இருக்கிறது. வயலில் போட்டதில் கொஞ்சம்தான் அந்தப் பருவப் பயிருக்குக் கிடைக்கும். மீதி மண்ணில் சுண்ணாம்போடும் இரும்போடும் பிணைந்து முடங்கிவிடும். அதனால்தான் உளுந்துக்குப் பூக்கும் தருணத்தில் 2 சத டி.ஏ.பி. கரைசலை இலைவழியே தெளிக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். முடங்கிய மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கவே பாஸ்போபாக்டீரியாவும் விற்கப்படுகிறது. பயிர் எடுத்துக்கொண்டது சோறாகவும் பருப்பாகவும் நம் உடம்புக்குள் வருகிறது. எலும்பும் பல்லும் கால்சியம் பாஸ்பேட்தான். வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 700 கிராம் பாஸ்பரஸ் உண்டு.

வந்ததெல்லாம் உடம்பிலேயே நிற்பதில்லை. ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் பாஸ்பரஸை வெளியேற்றுகிறார், பெரும்பகுதி சிறுநீரில். 1669இல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் இந்தத் தனிமத்தை முதன்முதலில் பிரித்ததும் சிறுநீரைக் காய்ச்சித்தான். ஒரு கோடிப் பேர் வாழும் பெருநகரம் என்றால் தினமும் பத்து டன், அதாவது ஆயிரம் டி.ஏ.பி. மூட்டையில் உள்ள அளவு. சோப்புத்தூளில் வருவது தனி. கழிவுநீரோடு போய் ஏரியில் சேர்ந்தால் ஆகாயத்தாமரையும் பாசியும் மண்டுகின்றன. அவை அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் சாகின்றன. வயலுக்குக் காசு கொடுத்து வாங்கிப் போட்டது, ஏரியிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் வினையாக முடிகிறது.

கழிவிலிருந்து மீட்டெடுப்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. கொடுங்கையூரில் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்து மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019 முதல் இயங்குகிறது; அதன் கொள்ளளவு நாளுக்கு 4.5 கோடி லிட்டர். நீரை மீட்க முடிந்த நமக்கு அதில் கரைந்திருக்கும் பாஸ்பேட்டை மீட்பதும் எட்டாத காரியம் அல்ல. கழிவுநீர்க் கசடைச் செரிக்கவைத்த பின் பிரியும் நீரில் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் செறிந்திருக்கும். அதில் மெக்னீசியம் உப்பைச் சேர்த்துக் காரத்தன்மையைச் சற்று உயர்த்தினால் மூன்றும் சேர்ந்து ஸ்ட்ருவைட் என்ற வெண்படிகமாகப் படியும். மெதுவாகக் கரையும் நல்ல உரம் அது. இப்படிச் செய்யாவிட்டால் அதே படிகம் குழாய்களுக்குள் தானாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். ஜெர்மனி 2017இலேயே விதி கொண்டுவந்துவிட்டது: அங்குள்ள பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் 2029 முதல் கழிவுநீர்க் கசடிலிருந்து பாஸ்பரஸை மீட்டாக வேண்டும்.

நம் விதிகளோ, ஆற்றிலோ ஏரியிலோ விடும் கழிவுநீரில் கரைந்த பாஸ்பேட் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. கழிவில் எவ்வளவு இருக்கலாம் என்று மட்டும் கேட்கும் சட்டம், எவ்வளவு திரும்ப எடுத்தீர்கள் என்றும் கேட்க வேண்டும். கொடுங்கையூரில் அடுத்த விரிவாக்கம் வரும்போது ஒரு ஸ்ட்ருவைட் அலகையும் திட்டத்திலேயே சேர்த்து எழுதுங்கள். கும்மிடிப்பூண்டிப் பட்டறைகளின் பாஸ்பேட் கசடைப் புதைகுழிக்கு அனுப்பும் முன், துத்தநாகத்தையும் பாஸ்பேட்டையும் பிரித்தெடுக்கும் பொது வசதி ஒன்றை சிப்காட் அமைக்கட்டும். சின்னப் பட்டறைக்காரர் தனியாக இதைச் செய்ய முடியாது. அரசு முன்கை எடுத்தால் அவர் பணம் கட்டித் தன் கசடை அங்கே கொண்டுவந்து கொடுப்பார். புதைப்பதற்கு இப்போதும் அவர் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.